உலோகத்துக்கும் ரேகை உண்டு: விமான எஞ்சினுக்குள் ஒரு படிகத்தின் கதை!

வீட்டில் பழைய தகர வாளி ஏதாவது கிடக்கிறதா? பிளாஸ்டிக் வாளி வருவதற்கு முன்பு கிணற்றடியிலும் குளியலறையிலும் இருந்த, துத்தநாகம் பூசிய அந்த வெள்ளை வாளிதான். வெயிலில் வைத்து லேசாகச் சாய்த்துப் பார்த்தால், அதன்மேல் பூப்பூவாகத் திட்டுகள் தெரியும். ஒரு திட்டு பளிச்சென்று மின்னும். பக்கத்துத் திட்டு மங்கலாக இருக்கும். வாளியைக் கொஞ்சம் திருப்பினால் மின்னியது மங்கும், மங்கியது மின்னும்.

அது யாரும் வரைந்த டிசைன் இல்லை. ஒவ்வொரு திட்டும் துத்தநாகத்தின் ஒரு படிகம். உருகிய துத்தநாகம் இரும்புத் தகட்டின் மேல் இறுகும்போது பல இடங்களில் படிகங்கள் முளைக்கின்றன. ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும் வரை வளர்ந்து, அப்படியே நின்றுவிடுகின்றன. ஒவ்வொரு படிகத்துக்குள்ளும் அணுக்கள் பள்ளி அசெம்பிளிபோல வரிசை கட்டி நிற்கின்றன. அடுத்த படிகத்திலும் அதே வரிசைதான். ஆனால் பார்க்கும் திசை வேறு. அதனால்தான் ஒவ்வொன்றும் ஒளியை ஒவ்வொரு பக்கம் திருப்பி அனுப்புகிறது.

வாளியில் கண்ணுக்குத் தெரியும் இந்த விஷயம், நாம் புழங்கும் எல்லா உலோகங்களிலும் உண்டு. ஸ்பேனர், சைக்கிள் செயின், இட்லிக் குண்டான் எல்லாமே கோடிக்கணக்கான குட்டிப் படிகங்கள் சேர்ந்தவை. அவை மிகச் சிறியவை என்பதால் மைக்ராஸ்கோப் இல்லாமல் தெரிவதில்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இரண்டு உலோகங்கள் ஒன்றோடொன்று உரசும்போது, அது வழுக்குமா, பிடித்துக்கொள்ளுமா என்பதை அந்தப் படிகம் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்பதும் தீர்மானிக்கிறது. வாளிக்கு இதனால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனால், மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பும் ஒரு விமானத்தின் எஞ்சினுக்குள், நெருப்புக்கு நடுவே சுழலும் பிளேடுக்கு இது ஆயுள் பிரச்னை. அந்த விமானத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும்தான்.

தச்சருக்குத் தெரியும்... வைரப் பட்டறைக்கும் தெரியும்

உராய்வைப் பற்றிப் பள்ளியில் படித்தது நினைவிருக்கும். மேலே அழுத்தும் பாரம் கூடினால் உராய்வும் அதே விகிதத்தில் கூடும். பிரான்ஸின் கியோம் அமோந்தோன் 1699-ல் சொன்ன விதி இது. இரண்டு பரப்புகளுக்கும் சேர்த்து ஒரு 'உராய்வுக் கெழு' உண்டு. அந்த ஓர் எண்ணை வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம். எந்தத் திசையில் இழுக்கிறோம் என்ற கேள்வியே அந்தக் கணக்கில் வராது.

ஒரு தச்சரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். மரத்தின் ரேகை போகும் போக்கில் இழைப்புளியை ஓட்டினால் வழுவழுவென்று சுருள் சுருளாக வரும். ரேகைக்கு எதிராக ஓட்டினால் சிராய் சிராயாகப் பெயரும். மரம் ஒன்றுதான், கருவி ஒன்றுதான், கையும் ஒன்றுதான். திசை மட்டும்தான் வேறு.

மரத்துக்கு நார் இருக்கிறது, அதனால் ரேகை இருக்கிறது. கல்லுக்கு? உலகின் பெரும்பாலான வைரங்கள் பட்டை தீட்டப்படும் சூரத்தில், பட்டறைத் தொழிலாளிகளுக்கு இதற்கான பதில் கைப்பழக்கமாகவே தெரியும். வைரத்தைச் சுழலும் சாணையில் வைக்கும்போது ஒரு திசையில் கல் தேயும். கொஞ்சம் திருப்பி வைத்தால் தேயவே மறுக்கும். தேயும் திசையைக் கண்டுபிடிப்பதுதான் அந்தத் தொழிலில் பாதி வித்தை.

ஆய்வகத்தில் அளந்து பார்த்தபோதும் இதுதான் தெரிந்தது. வைரப் படிகத்தின் கனசதுர முகத்தில், விளிம்புக்கு இணையாக வைர ஊசியை இழுத்தால் உராய்வுக் கெழு 0.1-க்குக் குறையாமல் இருக்கிறது. அதே முகத்தில் மூலைவிட்டமாக இழுத்தால் சுமார் 0.05. அதாவது, 45 டிகிரி திருப்பியதில் உராய்வு பாதியாகிவிடுகிறது. கல் மாறவில்லை, பாரம் மாறவில்லை. அணுக்களின் வரிசையை எந்தப் பக்கமாகக் கடக்கிறோம் என்பது மட்டும்தான் மாறியிருக்கிறது.

வைரம் அபூர்வமான பொருள், அதற்கு அப்படி இருக்கலாம். சாதாரண உலோகத்துக்கும் இது பொருந்துமா? இந்தக் கேள்விக்கு விடை தேட வைத்தது விண்வெளிப் பயணம்.

காற்று இல்லாத பெட்டிக்குள்...

1960-களில் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் நகரில் இருந்த நாசாவின் லூயிஸ் ஆய்வு மையத்துக்கு ஒரு தலைவலி. பூமியில் எந்த உலோகத்தை எடுத்தாலும் அதன்மேல் ஆக்ஸைடு என்ற மெல்லிய படலம் இருக்கும். காற்றில் உள்ள ஆக்ஸிஜன் உலோகத்தோடு சேர்ந்து போர்த்தும் சால்வை அது. இரண்டு உலோகங்கள் உரசும்போது, பெரும்பாலும் உரசிக்கொள்வது இந்தச் சால்வைகள்தான். விண்வெளியில் காற்று இல்லை. சால்வை ஒருமுறை கிழிந்தால் மறுபடி வளராது. அப்போது பச்சை உலோகமும் பச்சை உலோகமும் நேருக்கு நேர் தொடும். தொட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். செயற்கைக்கோளில் சுழல வேண்டிய ஒரு பேரிங் சுழலாமல் நின்றுவிட்டால், ரிப்பேர் செய்ய ஆளா அனுப்ப முடியும்?

அங்கே பணியாற்றிய டொனால்ட் பக்லி, காற்றை உறிஞ்சி எடுத்த பெட்டிக்குள் உலோகங்களை உரசவிட்டு அளந்தார். அவர் எடுத்துக்கொண்டவற்றில் முக்கியமானவை ஒற்றைப் படிகங்கள். கோடிப் படிகங்கள் கலந்த சாதாரணத் துண்டில் எல்லாத் திசைகளும் கலந்து, சராசரிதான் கிடைக்கும். ஒரே படிகத்தால் ஆன துண்டில் திசையைத் தேர்ந்தெடுத்து உரச முடியும்.

கிடைத்த விடை தெளிவாக இருந்தது. அணுக்கள் மிக நெருக்கமாக அடுக்கப்பட்ட முகத்தில், அதிலும் அணுக்கள் நெருக்கமாக நிற்கும் வரிசையின் போக்கில் இழுக்கும்போது உராய்வு குறைவு. நெருக்கம் குறைந்த முகங்களில் ஒட்டும் தன்மையும் அதிகம், உராய்வும் அதிகம். நன்றாக அடுக்கிய செங்கல் தரையில் வண்டி இழுப்பதற்கும், இடைவெளி விட்டுப் பதித்த கல்தரையில் இழுப்பதற்கும் உள்ள வித்தியாசம்போல என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் தெரியவந்தது. சாதாரண உலோகத்தில் படிகங்கள் தாறுமாறாக நின்றாலும், தொடர்ந்து உரசும்போது மேற்பரப்பில் உள்ளவை மெல்லத் திரும்புகின்றன. வழுக்குவதற்கு வசதியான முகத்தை, உரசும் பக்கம் காட்டிப் படுத்துக்கொள்கின்றன. ஒத்தையடிப் பாதையில் நடக்க நடக்கப் புல் படிவதுபோல, உலோகமும் உராய்வுக்கு ஏற்பப் படிகிறது.

சீட்டுக்கட்டும் கோபால்ட்டும்

இதில் பக்லியின் கோபால்ட் சோதனை சுவாரஸ்யமானது. கோபால்ட் சாதாரண வெப்பநிலையில் அறுகோண அமைப்பில் இருக்கும் உலோகம். அதில் அணு அடுக்குகள், மேஜையில் படுக்கவைத்த சீட்டுக்கட்டுபோல ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. பக்கவாட்டில் தள்ளினால் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று எளிதாக வழுக்கும். அதனால் கோபால்ட்டோடு கோபால்ட் உரசும்போது, காற்றில்லாத இடத்தில்கூட உராய்வு அடக்கமாகவே இருந்தது.

சூடேற்றினார்கள். சுமார் 420 டிகிரி செல்சியஸில் கோபால்ட் தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும். அறுகோணம் போய், நிக்கல், செம்பு போன்ற கனசதுர அமைப்புக்கு வந்துவிடும். அந்த மாற்றம் நிகழ்ந்தபோது உராய்வு தாவி ஏறியது. இரண்டு துண்டுகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

காரணம் இதுதான். கனசதுர அமைப்பில் வழுக்கும் அடுக்குகள் ஒரே திசையில் இல்லை. நான்கு வெவ்வேறு சாய்வுகளில் இருக்கின்றன. நான்கு சீட்டுக்கட்டுகளை ஒன்றுக்குள் ஒன்று குறுக்கும் நெடுக்குமாகச் செருகி வைத்ததுபோல. தள்ளும்போது ஒன்று மற்றொன்றின் வழியை மறிக்கும். வழுக்க வேண்டிய இடம் நசுங்கி, தொடும் பரப்பு பெரிதாகி, பிடித்துக்கொள்ளும்.

இந்தச் சோதனைகளுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, காரணம் தெரியாமலேயே தொழிற்சாலைகள் கோபால்ட்டின் பலனை அனுபவித்துக்கொண்டிருந்தன. அமெரிக்காவின் எல்வுட் ஹெய்ன்ஸ் உருவாக்கிய கோபால்ட், குரோமியம் கலவைக்கு 1907-ல் காப்புரிமை கிடைத்தது. நட்சத்திரம்போல மின்னியதால், லத்தீன் சொல்லிலிருந்து 'ஸ்டெல்லைட்' என்று பெயர் வைத்தார். சூட்டிலும் தேயாத வால்வுகளுக்கு இன்றும் பூசப்படுவது இந்தக் குடும்பத்துக் கலவைகள்தான். உரசும்போது மேற்பரப்பில் இருக்கும் படிகங்கள் அறுகோண அமைப்புக்கு மாறிக்கொள்வது, இந்தக் கலவைகள் ஒட்டிப் பிடிக்காமல் இருப்பதற்கு ஒரு முக்கியக் காரணம் என்கிறது உலோகவியல்.

கல்பாக்கத்தில் ஒரு சிக்கல்

இவ்வளவு நல்ல உலோகம் நமக்குப் பக்கத்திலேயே ஓரிடத்தில் வேண்டாத விருந்தாளி ஆனது. கல்பாக்கத்தின் 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையில், அணு உலையின் வெப்பத்தைச் சுமந்து செல்வது தண்ணீர் அல்ல, உருகிய சோடியம். உலையின் மையத்திலிருந்து வெளிவரும்போது அதன் வெப்பநிலை 547 டிகிரி. சூடான சோடியம் இரும்பு, நிக்கல் ஆகியவற்றின் ஆக்ஸைடு படலத்தை விட்டுவைக்காது. விண்வெளியில் நடந்த அதே கதை இங்கும் நடக்கலாம்: சால்வை போன எஃகும் எஃகும் அழுந்தி உரசினால் ஒட்டிக்கொள்ளும். கழற்ற வேண்டியதைக் கழற்ற முடியாமல் போகும், அசைய வேண்டியது அசையாமல் நின்றுவிடும்.

ஸ்டெல்லைட் பூசினால் பிரச்னை தீரும். ஆனால், அணு உலைக்குள் கோபால்ட் நியூட்ரான்களை வாங்கிக்கொண்டு கோபால்ட்-60 ஆக மாறும். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை கொடுக்கப் பயன்பட்ட அதே கோபால்ட்-60. இதன் கதிரியக்கம் பாதியாகக் குறையவே ஐந்தேகால் ஆண்டுகள் பிடிக்கும். பராமரிப்பு வேலைக்குப் போகும் தொழிலாளி அந்தக் கதிர்வீச்சுக்கு அருகில் நிற்க வேண்டியிருக்கும்.

அதனால், கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் வேறு வழிக்குப் போனார்கள். நிக்கலோடு குரோமியம், போரான், சிலிக்கான் சேர்ந்த 'கோல்மோனாய்' என்ற கலவையை உரசும் பாகங்களின் மேல் பூசத் தேர்ந்தெடுத்தார்கள். நிக்கல் கனசதுர உலோகம். கோபால்ட்டின் சீட்டுக்கட்டு வசதி அதற்கு இல்லை. ஆனால், அதற்குள் உருவாகும் கெட்டியான போரைடு, கார்பைடு துகள்கள் தேய்மானத்தைத் தாங்கிக்கொள்கின்றன. படிக அமைப்பு இலவசமாகக் கொடுத்ததை, இங்கே கலவையின் பக்குவத்தால் ஈடுகட்ட வேண்டியிருந்தது.

அதே நிக்கல்தான், இன்னும் இரண்டு மடங்கு சூட்டில், ஜெட் எஞ்சினின் நாயகன்.

உருக வேண்டிய இடத்தில் உருகாத பிளேடு

ஜெட் எஞ்சினின் மையத்தில் எரிபொருள் எரிந்து வரும் வாயு மோதுவது டர்பைன் பிளேடுகளின் மேல். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுள்ள பிளேடுகள். நவீன எஞ்சின்களில் அந்த வாயுவின் வெப்பநிலை 1,500 டிகிரியைத் தாண்டும். நிக்கல் உருகுவதே 1,455 டிகிரியில். அதாவது, பிளேடு தான் உருகும் சூட்டைவிட அதிகச் சூடான காற்றில் நின்று வேலை செய்கிறது. உள்ளே குடைந்த நுண்குழாய்களில் ஓடும் காற்றும், மேலே பூசிய பீங்கான் பூச்சும்தான் அதைக் காக்கின்றன.

சூடு ஒரு பக்கம் என்றால், வேகம் இன்னொரு பக்கம். நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கும் மேல் சுழலும்போது, ஒவ்வொரு பிளேடையும் வெளியே பிடுங்கி எறியப் பார்க்கும் விசை டன் கணக்கில் இருக்கும். இப்படிச் சூட்டில் இழுபடும் உலோகம் மெல்ல மெல்ல நீளும். படிகங்கள் ஒன்றையொன்று சந்திக்கும் எல்லைகள்தான் அப்போது பலவீனமான இடங்கள். விரிசலும் அங்கேதான் தொடங்கும்.

எல்லைதான் பிரச்னை என்றால், எல்லையே இல்லாமல் செய்துவிட்டால்?

அமெரிக்காவின் பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தில் ஃபிராங்க் வெர்ஸ்னைடர் தலைமையில் 1960-களில் தொடங்கிய ஆய்வு இந்தக் கேள்விக்குப் பதில் தேடியது. முதலில் படிகங்களை எல்லாம் பிளேடின் நீளவாக்கில் நிற்கச் செய்தார்கள். அடுத்த கட்டமாக, முழு பிளேடையும் ஒரே படிகமாக வார்த்தார்கள். அப்படிப்பட்ட பிளேடுகளோடு ஜே.டி.9டி-7ஆர்4 எஞ்சின் 1982-ல் பயணிகள் விமானத்துக்கு அனுமதி பெற்றது. போயிங் 767, ஏர்பஸ் ஏ310 விமானங்கள் அந்த எஞ்சினோடு பறந்தன.

வார்க்கும் முறை தமிழர்களுக்குப் புதிதல்ல. சுவாமிமலையில் பஞ்சலோகச் சிலைக்குச் செய்வதுபோல முதலில் மெழுகில் உரு, அதன்மேல் பூச்சு, மெழுகை உருக்கி வெளியேற்றிய வெற்றிடத்தில் உலோகம். வித்தியாசம் அடுத்த படியில் இருக்கிறது. பீங்கான் அச்சின் அடியில் குளிர்ந்த செப்புத் தட்டு இருக்கும். உலோகம் அங்கிருந்து மேல்நோக்கி இறுகத் தொடங்கும். அடியில் ஏராளமான படிகங்கள் முளைத்து மேலே ஏறப் போட்டி போடும். அவற்றின் வழியில், பன்றியின் வாலைப்போல முறுக்கிய ஒரு குறுகிய குழாய். அந்த வளைவுகளில் மற்றவை எல்லாம் சுவரில் முட்டி நின்றுவிட, ஒரே ஒரு படிகம் மட்டும் தப்பி மேலே வரும். அது வளர்ந்து அச்சு முழுவதையும் நிரப்பும். உலையிலிருந்து அச்சை மிக மெதுவாக இறக்க வேண்டும். அவசரப்பட்டால் புதிய படிகம் முளைத்துவிடும், பிளேடு வீண்.

இப்படி வளரும் படிகத்துக்குத் திசை உண்டு என்பதுதான் இங்கே விஷயம். வழக்கமாக, கனசதுரத்தின் விளிம்புத் திசை பிளேடின் நீளவாக்கில் நிற்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். அந்தத் திசையில் நிக்கல் கலவை இளக்கமானது. அதே உலோகம், கனசதுரத்தின் எதிரெதிர் மூலைகளை இணைக்கும் திசையில் இரண்டு மடங்குக்கும் மேல் விறைப்பாக இருக்கும். எஞ்சின் சூடாகிக் குளிரும் ஒவ்வொரு முறையும் உலோகம் விரிந்து சுருங்குகிறது. விறைப்பான திசையில் இந்த விரிவும் சுருக்கமும் தாங்க முடியாத அழுத்தமாக மாறும். இளக்கமான திசை அதை விட்டுக்கொடுத்து வாங்கிக்கொள்ளும்.

வேரில் நடக்கும் உரசல்

பிளேடை எஞ்சினின் சுழலும் வட்டில் வெல்டு வைத்து ஒட்டுவதில்லை. தலைகீழாகப் பிடித்த கிறிஸ்துமஸ் மரம்போலப் பல்பல்லாக வெட்டிய அதன் அடிப்பகுதியை, வட்டில் அதே வடிவில் வெட்டிய பள்ளத்தில் செருகுகிறார்கள். எஞ்சின் நிற்கும்போது அது சற்றுத் தளர்வாகவே இருக்கும். சுழலத் தொடங்கியதும் மையவிலக்கு விசை அதை வெளியே இழுத்து, பல்லோடு பல்லை இறுக்கும். விமானத்தின் முன்பக்கம் தெரியும் பெரிய விசிறி பிளேடுகளும் பல எஞ்சின்களில் இப்படித்தான் செருகப்படுகின்றன. நிறுத்திவைத்த விமானத்தின் விசிறி காற்றில் தானாகச் சுற்றும்போது 'கடக் கடக்' என்று சத்தம் கேட்பது இந்தத் தளர்வினால்தான். பயப்பட வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியது, கேட்காத உரசலைப் பற்றி. டன் கணக்கான அழுத்தத்தில் இறுகியிருக்கும் அந்தப் பற்கள், எஞ்சினின் அதிர்வில் துளித்துளியாக வழுக்குகின்றன. தலைமுடியின் தடிமனைவிடக் குறைவான தூரம்தான். ஆனால், ஒரு நொடியில் பல நூறு முறை நடக்கலாம். ஒரே இடத்தில் நடக்கும் இந்த நுண் உரசல் உலோகத்தைப் பொடியாக்கும். தொடும் இடத்தின் விளிம்பில் இழுவிசை குவியும். ஒருநாள் அங்கே மயிரிழை விரிசல் விழும்.

இங்கேதான் படிகத் திசை மறுபடி உள்ளே வருகிறது. பிளேடு ஒரே படிகம் என்பதால், அந்தப் பல்லுக்கும் திசை உண்டு. எந்தப் பக்கம் விறைப்பு என்பதைப் பொறுத்து, தொடும் இடத்தில் அழுத்தம் பரவும் விதம் மாறும். வழுக்கும் அடுக்குகள் எந்தச் சாய்வில் உரசலைச் சந்திக்கின்றன என்பதைப் பொறுத்து, உலோகம் விட்டுக்கொடுக்குமா, பிளக்குமா என்பது மாறும். பல படிகங்கள் கலந்த உலோகத்தில் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டும். ஒற்றைப் படிகத்தில் அந்தச் சராசரி கிடையாது. திசை சரியாக அமைந்தால் முழு லாபம், தவறாக அமைந்தால் முழு நஷ்டம்.

விண்வெளி ஓடத்தின் எரிபொருள் பம்ப்பைச் சுழற்றிய டர்பைன் பிளேடுகளில் இதைத்தான் நாசாவின் மார்ஷல் மையமும் ஃபுளோரிடா பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆராய்ந்தன. நீளவாக்கில் படிகம் நிற்கும் திசையைத் தொழிற்சாலைகள் சரிபார்க்கின்றன. ஆனால், அந்த அச்சைச் சுற்றிப் படிகம் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதைப் பொதுவாக விதியின் கையில் விட்டுவிட்டார்கள். அந்த இரண்டாவது திசையையும் கட்டுப்படுத்தினால், ஒரு கிராம் எடைகூடக் கூட்டாமல் பிளேடின் விரிசல் எதிர்ப்பை உயர்த்த முடியும் என்று அந்த ஆய்வு காட்டியது.

இதற்காக உராய்வே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. பல எஞ்சின்களில் பிளேடுகளின் மேடைக்குக் கீழே சின்ன உலோகத் துண்டு ஒன்றை வேண்டுமென்றே வைக்கிறார்கள். சுழலும்போது அது மேடையோடு அழுந்தி உரசி, பிளேடின் அதிர்வை வெப்பமாக மாற்றித் தணிக்கும். ஆடும் ஊஞ்சலைக் காலைத் தரையில் தேய்த்து நிறுத்துவதுபோல. உராய்வு அங்கே அளவோடு வேண்டும். கூடினால் துண்டு ஒட்டிக்கொள்ளும், குறைந்தால் அதிர்வு அடங்காது.

சூடு கொடுக்கும் மெருகு

இவ்வளவு சூட்டில் உராய்வு ஏறிக்கொண்டே போகாதா? இயற்கை இங்கே ஒரு கை கொடுக்கிறது. நிக்கல், கோபால்ட் கலவைகள் சூட்டில் உரசும்போது உதிரும் பொடி, காற்றில் ஆக்ஸைடாகி, மறுபடி உரசும் இடத்திலேயே அழுந்திப் பளபளப்பான அடுக்காகப் படிகிறது. பீங்கான் பாத்திரத்தின் மெருகைப்போல இருப்பதால், ஆங்கிலத்திலும் அதற்கு 'கிளேஸ்' என்றே பெயர். 1970-களில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். மெருகு படிந்ததும் உராய்வும் குறைகிறது, தேய்மானமும் குறைகிறது. கலவைக்குக் கலவை இது தொடங்கும் வெப்பநிலை மாறும்.

அப்படியென்றால், சூட்டில் படிகத் திசைக்கு வேலை இல்லையா? இருக்கிறது. நிக்கல் படிகத்தின் எல்லா முகங்களும் ஒரே வேகத்தில் ஆக்ஸைடு ஆவதில்லை. நெருக்கமாக அடுக்கிய முகம் மெதுவாகவும், கனசதுர முகம் வேகமாகவும் ஆகின்றன. மெருகு எவ்வளவு சீக்கிரம் படியும் என்பதில் படிகத்துக்கும் பங்கு உண்டு. அதோடு, மேலே மெருகு படிந்தாலும் அதைத் தாங்கும் தரை அடியில் இருக்கும் படிகம்தான். தரை இளகினால் மேலே பூசியதும் பெயரும்.

ஹைதராபாத்தில் 60 பிளேடுகள்

ஒற்றைப் படிக பிளேடு செய்யத் தெரிந்த நாடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். தெரிந்தவர்கள் சொல்லித் தருவதும் இல்லை. இந்தியா 1989-ல் காவேரி போர்விமான எஞ்சின் திட்டத்துக்கு அனுமதி கொடுத்தது. ஆனால், உள்நாட்டில் உருவான தேஜஸ் போர் விமானம் இன்றும் பறப்பது அமெரிக்காவின் ஜி.இ. எஃப்404 எஞ்சினில். விமானம் நம்முடையது, அதன் இதயம் இறக்குமதி. எஞ்சின் வந்து சேர்வது தாமதமானால், விமானமும் ஹேங்கரில் காத்திருக்கும். அந்த இதயத்தைச் செய்ய முடியாமல் தடுத்த பூட்டுகளில் ஒன்று, இந்தச் சூடு தாங்கும் உலோகம்.

2021 ஏப்ரலில் அந்தப் பூட்டு கொஞ்சம் அசைந்தது. டி.ஆர்.டி.ஓ-வின் ஹைதராபாத் ஆய்வகமான பாதுகாப்பு உலோகவியல் ஆராய்ச்சிக்கூடம், ஹெலிகாப்டர் எஞ்சினுக்கான 60 ஒற்றைப் படிக பிளேடுகளை ஹெச்.ஏ.எல் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. மொத்தம் 300 பிளேடுகள் செய்யும் திட்டத்தின் முதல் தொகுதி அது.

இப்படி வார்த்த பிளேடுகள் அச்சிலிருந்து வெளியே வந்ததும் பார்வைக்கு எல்லாமே ஒன்றுபோலத்தான் இருக்கும். பளபளப்பு, அளவு, எடை எதிலும் குறை தெரியாது. எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சி, அணுக்களின் வரிசை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அளப்பார்கள். 1912-ல் ஜெர்மனியில் மாக்ஸ் வான் லாவே காட்டிய வழியின் நவீன வடிவம்தான் இது. சாய்வு அனுமதித்த அளவைத் தாண்டிவிட்டால், கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியாத அந்த பிளேடு அங்கேயே ஒதுக்கப்படும். பல்லாயிரம் ரூபாய் உலோகமும், மணிக்கணக்கான உலை வேலையும் சில டிகிரி சாய்வுக்காகப் போய்விடும்.

கறாராகத் தெரியலாம். ஆனால், அந்த பிளேடு போய் நிற்கப்போகும் இடத்தை நினைத்துப் பார்த்தால் புரியும். தரையிலிருந்து பத்து கிலோமீட்டர் உயரத்தில், ஜன்னலோரச் சீட்டில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். சில மீட்டர் தள்ளி, எஞ்சினுக்குள் ஒரு பிளேடின் வேர் தன் பள்ளத்தில், முடியிழையைவிடக் குறைவான தூரம் உரசிக்கொண்டிருக்கும். அந்த உரசல் இன்றைக்கும் உரசலாகவே இருந்துவிட வேண்டும், விரிசல் ஆகக் கூடாது. அதற்காகத்தான் அந்தச் சில டிகிரிக் கணக்கு!